லான்மோவர் மேன்: படம் முடிந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

பழைய அறிவியல் புனைவுப் படங்களைக் கையில் சிக்குகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவது எனக்கு ஒரு வியாதி. நல்ல படம் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. "சூப்பர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். 1992-இல் வந்த 'தி லான்மோவர் மேன்' சுமாரான படம். ஆனால் இதைப் போட்டால் மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை கேள்வி ஓயாது. அதுவும் ஒரே மாதிரியான கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். முடிவு உட்படக் கதை முழுவதும் வெளியே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், அல்லது கவலைப்படாமல் படியுங்கள். இந்தப் படத்தில் கெட்டுப்போகிற அளவுக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

இது யார் எடுத்த படம்? தெரிஞ்ச முகம் யாராவது இருக்காங்களா?

அமெரிக்கப் படம். இயக்கியவர் பிரெட் லெனார்ட். விஞ்ஞானி லாரன்ஸ் ஆஞ்சலோவாக வருபவர் பியர்ஸ் பிராஸ்னன். ஜேம்ஸ் பாண்ட் ஆவதற்கு மூன்று வருஷம் முன்பு நடித்தது; ஒரு காதில் தோடு, கலைந்த தலை, கையில் எப்போதும் ஒரு கிளாஸ். புல் வெட்டும் ஜோப் ஸ்மித்தாக ஜெஃப் ஃபாஹி. பக்கத்து வீட்டுப் பையன் பீட்டராக ஆஸ்டின் ஓ'பிரையன்.

'பிரேக்கிங் பேட்' தொடர் பார்த்தவர்கள் நடுவில் ஒரு காட்சியில் நிமிர்ந்து உட்காருவார்கள். ரகசிய அமைப்பின் தலைவராக வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர் டீன் நோரிஸ்தான்.

பாதியில தூங்கிட்டேன். கதை என்ன?

விர்ச்சுவல் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் என்று ஒரு நிறுவனம். அங்கே ஆஞ்சலோ சிம்பன்சிகளுக்கு மருந்து கொடுத்து, தலையில் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, கணினி உருவாக்கிய உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோலக் காட்டுவது) கருவியை மாட்டி அறிவை வளர்க்கப் பார்க்கிறார். பணம் கொடுப்பது 'தி ஷாப்' என்ற ரகசிய அமைப்பு. அவர்களுக்கு வேண்டியது போர்வீரர்கள். ஒரு சிம்பன்சி துப்பாக்கியோடு தப்பித்துக் காவலர்களைச் சுட்டுவிட்டுத் தானும் செத்துப்போகிறது. மனமுடைந்த ஆஞ்சலோ வீட்டுக்கு வந்து, புல் வெட்ட வரும் ஜோப்பைப் பார்க்கிறார். ஜோப்புக்கு வளர்ந்த ஆளின் உடம்பு, சின்னப் பையனின் மனசு. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் குடியிருக்கிறான். பாதிரியார் அவனைப் பெல்ட்டால் அடிக்கிறார்.

ஆஞ்சலோ வன்முறையைத் தூண்டும் பகுதியை மருந்திலிருந்து எடுத்துவிட்டு, வீட்டு நிலவறையிலேயே ஜோப்பின் மேல் சோதனையைத் தொடங்குகிறார். ஜோப் அறிவாளியாகிறான், அப்புறம் அடுத்தவர் மனசைப் படிக்கிறான், அப்புறம் பார்வையாலேயே பொருளை நகர்த்துகிறான். இதற்கிடையே நிறுவனத்தின் ஆள் டிம்ஸ், பழைய மருந்தை ரகசியமாக மாற்றி வைத்துவிடுகிறார். ஜோப் தன்னைக் கொடுமைப்படுத்தியவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். கடைசியில் உடம்பை விட்டுவிட்டுக் கணினிக்குள் நுழைந்து உலகத்தையே ஆளப் பார்க்கிறான்.

சரி, படம் நல்லா இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது. மீதி அப்படி இல்லை.

ஜெஃப் ஃபாஹி பாதிப் படத்தைத் தோளில் சுமக்கிறார். தொடக்கத்தில் மஞ்சள் தலைமுடியும் குழந்தைச் சிரிப்புமாக, தானே உருவாக்கிய புல் வெட்டும் மெஷினுக்கு 'பிக் ரெட்' என்று பேர் வைத்துக்கொண்டு திரிகிறார். அறிவு கூடக் கூட நடை மாறுகிறது, முதுகு நிமிர்கிறது, கண் ஒரே இடத்தில் நிற்கக் கற்றுக்கொள்கிறது. வசனம் இல்லாமலே இது தெரிகிறது. ஆனால் கொலைகள் தொடங்கியதும் கதை எழுதியவர்களுக்கு அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தவிட்டுவிட்டார்கள்.

சுமார் 1 கோடி டாலரில் எடுத்து, அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 20 லட்சம் டாலர் வசூலித்தது. அதனால் தோல்விப் படம் என்று சொல்ல முடியாது. மக்கள் பார்க்கப் போனது கதைக்காக இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கேயோ பார்த்த கதை மாதிரியே இருக்கே?

பார்த்த கதைதான். அறிவுத்திறன் குறைந்த ஒருவனுக்கு மருத்துவத்தால் அறிவு ஏற்றுவதை டேனியல் கீஸ் 1959-இலேயே சிறுகதையாக எழுதிவிட்டார். அதற்கும் முன்னால் 1818-இல் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் இருக்கிறது: படைத்தவனைத் துரத்தும் படைப்பு. இரண்டையும் கலந்து மேலே கணினியைத் தூவியதுதான் இந்தப் படம்.

பைபிளும் சேர்ந்திருக்கிறது. ஜோப் என்றால் தமிழ் வேதாகமத்தில் யோபு. காரணமே இல்லாமல் துன்பத்துக்கு மேல் துன்பம் அனுபவித்தவர். விஞ்ஞானி ஆஞ்சலோவின் பெயரில் ஏஞ்சல், அதாவது தேவதூதன், ஒளிந்திருக்கிறார். கடைசிச் சண்டையில் கணினிக்குள் ஆஞ்சலோவைச் சிலுவை மாதிரி ஒன்றில் மாட்டுகிறார்கள். இயக்குநர் நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று ரொம்பவே பயந்திருக்கிறார்.

புல் வெட்டுறவன்னு பேரு. ஆனா படம் பூரா கம்ப்யூட்டர். பேருக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?

கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இந்தப் பெயரில் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் எழுதிய சிறுகதை 1975-இல் ஒரு பத்திரிகையில் வந்தது. 1978-இல் தொகுப்பில் சேர்ந்தது. பத்துப் பக்கம் இருக்கும். ஹரால்டு பார்க்கெட் என்பவர் வீட்டுப் புல்லை வெட்ட ஆள் கூப்பிடுகிறார். வந்த குண்டு மனிதன் மெஷினைக் கிளப்பிவிட்டு, துணியில்லாமல் அதன் பின்னால் தவழ்ந்துபோய் வெட்டிய புல்லைத் தின்கிறான். மெஷின் தானாக ஓடுகிறது. அவனுடைய முதலாளி பான் என்ற பழைய கிரேக்கக் காட்டுத் தெய்வம். பார்க்கெட் போலீசுக்குப் போன் செய்ய, மெஷின் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கதை முடிந்தது. கணினி இல்லை, விஞ்ஞானி இல்லை, ஜோப் இல்லை.

படத் தயாரிப்பாளர்களிடம் இந்தச் சிறுகதையின் உரிமை இருந்தது. 'சைபர் காட்' என்ற தலைப்பில் ஒரு திரைக்கதையும் தனியாக இருந்தது. இரண்டையும் ஒட்டவைத்தார்கள். தையல் தெரியும் இடம் ஒன்றே ஒன்று: பீட்டரின் அப்பாவை மெஷின் துரத்திக் கொல்லும் காட்சி. அவர் பெயர் மட்டும் ஹரால்டு பார்க்கெட்டாகவே இருக்கிறது. அடுத்து வரும் போலீஸ்காரர்கள், பறவைகள் குளிக்க வைத்த தொட்டியில் மிச்சம் கிடைத்ததைப் பற்றிப் பேசுவதும் கதையிலிருந்து வந்ததுதான்.

அதுக்குத்தான் ஸ்டீபன் கிங் கேஸ் போட்டாரா?

ஆமாம். படம் 'ஸ்டீபன் கிங்கின் தி லான்மோவர் மேன்' என்ற பெயரில் விளம்பரமானது. 1992-இலேயே அவர் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் அவர் பெயரை எங்கேயும் பயன்படுத்தக்கூடாது என்றது. அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பாதியாகப் பிரித்தது. 'ஸ்டீபன் கிங்கின்' என்று தலைப்பில் போட்டால், படத்தில் அவருக்கும் கை இருந்தது என்று ஜனங்கள் நம்புவார்கள், அது கூடாது. 'ஸ்டீபன் கிங்கின் கதையைத் தழுவியது' என்று போடலாம். ஏனென்றால் அந்த மெஷின் காட்சி நிஜமாகவே கதையிலிருந்து வந்தது.

இதோடு முடியவில்லை. வீடியோ கேசட்டில் பெயர் தொடர்ந்து வந்ததால் விஷயம் நீதிமன்ற அவமதிப்பு வரை போனது. கடைசியில் இந்தப் படத்தைப் பற்றிச் சட்ட மாணவர்களுக்குத் தெரிந்த அளவு சினிமா ரசிகர்களுக்குத் தெரியாது.

ரெண்டு நீளத்துல கிடைக்குது. எதைப் பார்க்கிறது?

தியேட்டரில் வந்தது ஏறக்குறைய 1 மணி 48 நிமிஷம். இயக்குநரின் பதிப்பு அதைவிட அரை மணிக்கு மேல் கூடுதல். கேள்வி கேட்கிற ஆள் என்றால் நீளமானதைப் பாருங்கள்.

காரணம் தொடக்கம். சின்னப் பதிப்பில் சிம்பன்சி நிறுவனத்துக்குள்ளேயே செத்துப்போகிறது. நீளப் பதிப்பில் அது ஊருக்குள் ஓடிவந்து ஜோப்பின் கொட்டகையில் ஒளிகிறது. தலையில் கருவியோடு நிற்பதைப் பார்த்து, தான் படிக்கும் காமிக்ஸ் நாயகன்தான் நேரில் வந்துவிட்டான் என்று ஜோப் நினைக்கிறான். அதனோடு பேசுகிறான். அப்புறம் ஆட்கள் வந்து அவன் கண்ணெதிரிலேயே சுட்டுவிடுகிறார்கள். சோதனைக்கு ஆளான இரண்டு உயிர்களும் ஒரே கொட்டகையில் சந்திக்கிற இந்தக் காட்சிதான் படத்திலேயே சிறந்தது. அதை வெட்டிவிட்டு மற்றதையெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

கிராபிக்ஸ் ஏன் இவ்ளோ மட்டமா இருக்கு?

இன்றைக்கு மட்டம். அன்றைக்கு இதற்குத்தான் வரிசையில் நின்றார்கள். மொத்தப் படத்தில் கணினிக் காட்சி எட்டு நிமிஷம் சொச்சம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'டெர்மினேட்டர் 2'-இன் செலவு இதைப்போலப் பத்து மடங்கு. அங்கே ஒரு உலோக மனிதனை நிஜமான தெருவில் நடக்கவிட்டார்கள். இங்கே அந்தப் பணம் இல்லை. அதனால் எல்லாமே கணினிக்குள் நடப்பதாக வைத்துவிட்டார்கள். நிஜம் மாதிரி இல்லையே என்று யாரும் கேட்க முடியாது, அது நிஜம் இல்லையே! கைக்கடக்கமான தந்திரம். பாராட்டத்தான் வேண்டும்.

இந்தக் காட்சிகளில் பெரும்பங்கு கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் இருந்த ஏஞ்சல் ஸ்டுடியோஸ் செய்தது. அதே ஆட்கள்தான் பிறகு 1999-இல் 'மிட்டவுன் மேட்னஸ்' கார் விளையாட்டைச் செய்தார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் கொடுத்துச் சிகாகோ தெருக்களில் போலீஸ் காரை இடித்துக்கொண்டிருந்த நான், அந்தக் கை இந்தக் கை என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். 2002-இல் அந்த ஸ்டுடியோ கைமாறி ராக்ஸ்டார் சான் டியேகோ ஆனது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' விளையாட்டு அங்கேயிருந்து வந்தது.

1992-ல வி.ஆர். எல்லாம் நெஜமாவே இருந்துச்சா, இல்ல கப்சாவா?

இருந்தது. தலையில் மாட்டும் திரையை ஐவன் சதர்லாண்ட் 1968-இலேயே செய்துவிட்டார். அதைக் கூரையிலிருந்து ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள், கழுத்து தாங்காது. 1980-களில் ஜாரன் லானியரின் வி.பி.எல். நிறுவனம் கண்ணில் மாட்டும் கருவியையும், விரலசைவைப் படிக்கும் கையுறையையும் விற்றது. கண் கருவி மட்டுமே 9,000 டாலருக்கு மேல். விர்ச்சுவல் ரியாலிட்டி என்ற சொல்லைப் பரப்பியவரும் லானியர்தான். 1991-இல் இங்கிலாந்திலிருந்து காசு போட்டு ஆடும் வி.ஆர். இயந்திரங்கள்கூட வந்துவிட்டன.

படத்தின் தொடக்கத்தில் ஒரு எழுத்துப் பலகை வருகிறது. நூற்றாண்டு முடிவதற்குள் வி.ஆர். எங்கும் பரவிவிடும், சிலர் அதை மனசை அடிமைப்படுத்தும் கருவி என்று அஞ்சுகிறார்கள் என்பதாக. நடந்தது வேறு. 1995-இல் நின்டெண்டோ விற்ற விர்ச்சுவல் பாய் என்ற விளையாட்டுக் கருவி சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டவில்லை. ஒரு வருஷம்கூட ஓடவில்லை. வி.ஆர். மறுபடி பேச்சில் வந்தது 2012-இல் ஆக்குலஸ் என்ற வி.ஆர். நிறுவனம் பணம் திரட்டியபோது. 2014-இல் பேஸ்புக் அதை 200 கோடி டாலருக்கு வாங்கியது. மனசை அடிமைப்படுத்தும் வேலையை அதற்குள் சட்டைப்பையில் இருக்கும் போன் முடித்துவிட்டது.

படத்துல வி.ஆர். கருவியோட ஆளை ஒரு பெரிய வளையத்துல மாட்டிச் சுத்துறாங்களே, வாந்தி வராதா?

வரும். ஆனால் வளையம் இல்லாமல் வி.ஆர். கருவியை மட்டும் போட்டாலும் வரும், அதுதான் வேடிக்கை. கண் "நகர்கிறோம்" என்கிறது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "உட்கார்ந்துதான் இருக்கிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் தலை சுற்றுவதும் இதனால்தான், அங்கே தலைகீழாக: காது நகர்வை உணர்கிறது, கண் உணர்வதில்லை.

அது போக, தலையைத் திருப்பினால் படமும் உடனே திரும்ப வேண்டும். 20 மில்லிநொடிக்குமேல் தாமதமானால் மூளை கண்டுபிடித்துவிடும். 1992 கருவிகளால் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஜோப் கடவுளாவதற்கு முன்னால் பக்கெட்டைத் தேடியிருப்பான்.

வி.ஆர். போட்டா மூளை வளருமா? எங்க பையன் நாலு மணி நேரம் அதுலயேதான் இருக்கான்.

வளராது. ஜோப் இரண்டே மணி நேரத்தில் லத்தீன் படித்துவிடுவது மாதிரியான சங்கதி எந்தக் கருவியாலும் நடக்காது. அந்தக் காட்சியில் ஆஞ்சலோ, தனக்கு லத்தீன் எழுத்துகளைப் படிக்கவே ஒரு வருஷம் ஆனது என்று வியக்கிறார். அவர் ஆங்கிலம் எழுதுவதே லத்தீன் எழுத்தில்தான்! எழுதியவர், நடித்தவர், எடிட் செய்தவர், யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் வி.ஆர். மருத்துவத்துக்குப் பயன்பட்டிருக்கிறது. அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழு உயரத்துக்குப் பயப்படுகிறவர்களை வி.ஆர். மாடியிலும் பாலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கவைத்துப் பயத்தைக் குறைத்தது. அந்த ஆய்வு 1995-இல் வெளியானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மன் குழு தீக்காயம் பட்டவர்களுக்காகப் பனி உலகம் ஒன்றைச் செய்தது. காயத்துக்கு மருந்து கட்டும்போது நோயாளி பனிமனிதர்கள்மேல் பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார். கவனம் அங்கே போவதால் வலி குறைவாகத் தெரியும். உங்கள் பையன் செய்வது இது இல்லை. கழற்றி வையுங்கள்.

குரங்கை வெச்சு ராணுவம் இப்படியெல்லாம் செஞ்சிருக்கா?

துப்பாக்கியோடு ஓடிய சிம்பன்சி கற்பனை. பயிற்சி கற்பனை இல்லை. 1961 ஜனவரி 31-ஆம் தேதி அமெரிக்கா ஹாம் என்ற சிம்பன்சியை ராக்கெட்டில் அனுப்பியது. நீல விளக்கு எரிந்தால் ஒரு கைப்பிடியை அழுத்த வேண்டும். தவறினால் உள்ளங்காலில் மின்சாரம். பதினாறு நிமிஷப் பயணத்தில் அது தன் வேலையைச் செய்தது, உயிரோடு கடலில் இறங்கியது, ஒரு ஆப்பிள் கொடுத்தார்கள். பிறகு வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையில் பதினேழு வருஷம் தனியாக இருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் சிம்பன்சி ஆய்வுக்கு ஆதரவை நிறுத்தியது 2015-இல்தான்.

கடைசியில தப்பு யார் மேல? மெஷின் மேலயா, மருந்து மேலயா, ஜோப் மேலயா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். டிம்ஸ் மருந்தை மாற்றியதால் எல்லாம் கெட்டது என்று படம் சொல்கிறது. எனக்கு அது தப்பிக்கும் வழியாகத்தான் தெரிகிறது. மருந்தை மாற்றாமல் விட்டிருந்தால் ஆஞ்சலோ செய்தது சரியாகிவிடுமா?

முதல் நாளை நினைத்துப் பாருங்கள். ஆஞ்சலோ ஜோப்பிடம் விளையாட்டு விளையாடலாமா என்றுதான் ஆரம்பிக்கிறார். புத்திசாலியாகலாம், யாரும் உன்னை ஏமாற்ற முடியாது என்று ஆசை காட்டுகிறார். இதற்கு முன் இதே சோதனைக்கு ஆளான சிம்பன்சி என்ன ஆனது என்பதைச் சொல்வதில்லை. ஊசி எதற்கு என்று விளக்குவதில்லை. சரி என்று சொன்னவனுக்கு எதற்குச் சரி சொல்கிறோம் என்று தெரியாது. நடப்பது ஒரு வீட்டின் நிலவறை. கேள்வி கேட்கக் குழு கிடையாது. மனிதர்மேல் நடக்கும் ஆய்வுகளுக்கு முன்அனுமதியும் மேற்பார்வைக் குழுவும் வேண்டும் என்ற பொது விதியை அமெரிக்காவின் அரசுத் துறைகள் பல சேர்ந்து ஏற்றது 1991-இல், படம் வருவதற்கு முந்தைய ஆண்டு. நல்லவர் வேஷத்தில் இருப்பதால் ஆஞ்சலோவை யாரும் கவனிப்பதில்லை. பாதிரியார் பெல்ட்டால் அடித்தார். இவர் ஊசியால் குத்தினார். ஜோப்பைக் கேட்டுச் செய்தவர் ஒருவரும் இல்லை.

முதல் பாதி இதையெல்லாம் காட்டுகிறது. இரண்டாம் பாதி அதை மறந்துவிட்டு, தொழில்நுட்பம் ஆபத்தானது என்று பொதுவாகப் பேசத் தொடங்குகிறது. முடிவில் ஆஞ்சலோ தலைமறைவாக ஆராய்ச்சியைத் தொடரப்போவதாக வேறு சொல்கிறார்! இத்தனை பேர் செத்தபிறகு. படம் சுமாராகப் போனது கிராபிக்ஸால் இல்லை, இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி.

ஜோப் மாதிரி ஆளுங்க மேல உண்மையிலேயே சோதனை நடந்திருக்கா? ஓவரா இல்ல?

படம் குறைவாகத்தான் சொல்கிறது. மாசச்சூசெட்ஸில் வால்தம் ஊரில் ஃபெர்னால்டு பள்ளி என்று ஒன்று இருந்தது, அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளுக்கு. 1940-களின் பிற்பகுதியிலிருந்து 50-களின் தொடக்கம் வரை அங்கே எம்.ஐ.டி. (மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வாளர்கள், குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடு, சிறுவர்களுக்குக் கதிரியக்கப் பொருள் சேர்த்த ஓட்ஸ் கஞ்சியும் பாலும் கொடுத்தார்கள். உடம்பு இரும்பையும் கால்சியத்தையும் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க. அளவு சிறியதுதான். ஆனால் பிள்ளைகளைச் சேர்த்த விதத்தைப் பாருங்கள்: 'அறிவியல் மன்றம்' என்று பெயர் வைத்தார்கள். சேர்ந்தால் கூடுதல் பால், பேஸ்பால் ஆட்டம் பார்க்க வெளியே ஒரு பயணம். பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. விஷயம் பரவலாக வெளியே தெரிந்தது 1993 கடைசியில், படம் வந்து ஒன்றே முக்கால் வருஷம் கழித்து. 1998-இல் எம்.ஐ.டி.யும் குவேக்கரும் 18 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தன.

நியூயார்க்கின் வில்லோபுரூக் பள்ளியில் 1950-களில் தொடங்கி, அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலைக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். ரகசிய அமைப்பு பற்றி: சி.ஐ.ஏ. 1953 முதல் இருபது வருஷம் மனக்கட்டுப்பாட்டு ஆராய்ச்சி என்று சொல்லி, விஷயம் தெரியாத ஆட்களுக்கு எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைக் கொடுத்தது. 1975-இல் செனட் குழு விசாரித்தபோது வெளியே வந்தது. 'தி ஷாப்' வானத்திலிருந்து குதித்த கற்பனை இல்லை.

கடைசியில உலகத்துல இருக்கிற எல்லா போனும் அடிக்குதே, அது என்ன?

ஜோப் நடுவிலேயே சொல்லிவிடுகிறான்: நான் பிறக்கும்போது என் முதல் அழுகை உலகத்தின் எல்லாத் தொலைபேசியும் ஒரே நேரத்தில் மணியடிப்பதாக இருக்கும் என்று. நிறுவனக் கணினிக்குள் அவன் நுழைந்ததும் ஆஞ்சலோ வெளிவழிகளையெல்லாம் பூட்டிவிடுகிறார். கட்டிடமே வெடித்துச் சிதறுகிறது. பூட்டாமல் விட்ட ஒரு பராமரிப்பு வழி வழியாக ஜோப் வெளியேறிவிடுகிறான். ஆஞ்சலோ பீட்டரையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டுப் போன் அடிக்கிறது. அப்புறம் பக்கத்தில், அப்புறம் எங்கும். படத்திலேயே முதுகுத்தண்டு சில்லிடும் ஒரே இடம்.

அது டெக்னிக்கலா நடக்குமா?

அப்படியே நடக்காது. பழைய தரைவழித் தொலைபேசியில் மணியடிக்க எக்ஸ்சேஞ்சிலிருந்து 90 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு வராது என்ற கணக்கில்தான் அந்தக் கருவிகளை அமைப்பார்கள். எல்லா மணியையும் சேர்த்து அடிக்க எக்ஸ்சேஞ்சுக்கே தெம்பு இருக்காது, உள்ளே கடவுளே புகுந்திருந்தாலும்.

ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். ஒரு கணினிக்குள் நுழையும்போது, ஏற்கெனவே என் பிரதி இங்கே இருக்கிறதா என்று அது கேட்கும். யாராவது பொய்யாக ஆமாம் சொல்லிவிட்டால்? அதற்காக ஏழு தடவையில் ஒரு தடவை பதிலைக் கண்டுகொள்ளாமல் நுழைந்துவிடச் சொல்லியிருந்தார். அந்த ஏழில் ஒன்று போதுமானதாக இருந்தது. பிரதிமேல் பிரதி குவிந்து, அன்றைய இணையத்தில் சுமார் 6,000 கணினிகள் மூச்சுத்திணறி நின்றன.

1990 ஜனவரி 15 இன்னும் பொருத்தம். ஏ.டி. அண்ட் டி.யின் நியூயார்க் தொலைபேசி நிலையம் ஒன்று சின்னக் கோளாறால் நின்று, சில நொடிகளில் எழுந்து, "நான் வந்துவிட்டேன்" என்று மற்ற நிலையங்களுக்குச் செய்தி அனுப்பியது. புது மென்பொருளில் ஒரு பிழை. அந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளும்போதே இரண்டாவது செய்தி வந்தால் நிலையம் குழம்பி விழுந்துவிடும். விழுந்தது எழுந்து, அதுவும் "வந்துவிட்டேன்" என்று சொல்ல, அடுத்தவை விழுந்தன. மொத்தம் 114 நிலையங்கள், ஒன்பது மணி நேரம். வில்லன் கிடையாது, மாறி மாறி நலம் விசாரித்தே விழுந்தார்கள். படத்தில் போன்கள் அடிக்கின்றன. நிஜத்தில் அடிக்காமல் போயின.

ரெண்டாம் பாகம் இருக்காமே, பார்க்கலாமா?

1996-இல் வந்தது. வேண்டாம். முதல் படத்திலிருந்து திரும்பி வந்தவர் பீட்டராக நடித்த ஆஸ்டின் ஓ'பிரையன் மட்டும். ஜோப்பாக மேட் ஃப்ரூவர் வருகிறார். முதல் பாகத்தில் ஜோப் உடம்பை விட்டுவிட்டுப் போனானே என்று கேட்காதீர்கள், இதில் கால்கள் மட்டும் போன உடம்போடு கிடைக்கிறான். பீட்டர் சில வயசுதான் வளர்ந்திருக்கிறான். நகரம் மட்டும் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்ட ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு என் மைத்துனர் நான் படம் பார்க்கக் கூப்பிட்டாலே வேலை இருக்கிறது என்கிறார்.

இதே விஷயத்தை இயக்குநர் மறுபடி தொட்டது 1995-இல், 'வர்ச்சுவாசிட்டி' படத்தில். கணினிக்குள் உருவாக்கிய கொலைகாரன் வெளியே வருகிறான். டென்சல் வாஷிங்டன் துரத்துகிறார், ரசல் குரோ ஓடுகிறார். அதுவும் சுமார்தான், ஆனால் குரோ கும்மாளம் போடுகிறார்.

பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா?

கூடாது. அமெரிக்காவிலேயே பெரியவர் துணையில்லாமல் சிறுவர்கள் பார்க்க முடியாத சான்றிதழ். இரத்தத்தைவிடச் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது: ஜோப்புக்கும் மார்னி என்ற இளம் விதவைக்கும் இடையிலான வி.ஆர். காட்சி. காதல் காட்சியாகத் தொடங்கி, அவள் மனசையே சிதைத்துவிடும் தாக்குதலாக முடிகிறது. படம் அதைக் கிராபிக்ஸ் வேடிக்கையாகக் கடந்துபோகிறது. பிறகு அவளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மேலே கேட்டுச் செய்யாததைப் பற்றிச் சொன்னது இந்த இடத்துக்கும் பொருந்தும். ஜோப் ஆஞ்சலோவிடம் படித்த பாடம் லத்தீன் மட்டுமில்லை.

பத்து வயசுப் பிள்ளைக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றால், நீளப் பதிப்பில் அந்தக் கொட்டகைக் காட்சியைப் போடுங்கள். துப்பாக்கிச் சத்தம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள்.